இல்லையென்று ஆக்க முடியாத ஒரு செயல்

கதைக்கரு கையில் இருக்கிறது, கதைதான் நகர மாட்டேன் என்கிறது. புதிதாக எழுத வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. எங்கோ பார்த்த ஒரு மனிதரோ கேள்விப்பட்ட ஒரு சம்பவமோ மனத்தைக் கலக்கியிருக்கும். எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கம் வேகமாக ஓடும். மூன்றாம் பக்கத்தில் கதாநாயகர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து பழையதை நினைக்கத் தொடங்குவார். அதன் பிறகு அவரை அங்கிருந்து எழுப்புவது பெரும்பாடு.

அவரை எழுப்பத்தான் இந்த அத்தியாயம். கதைப்பின்னல் என்றதும் முடிச்சு, திருப்பம், உச்சக்கட்டம் என்று வரைபடம் போடச் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. சினிமாவில் ஒன்லைன் பிடித்து சீன் ஆர்டர் போடுவார்கள். அவையெல்லாம் பயன்படும், ஆனால் பிற்பாடுதான். முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இந்தக் கதையில் யார், பிறகு என்ன செய்தாலும் இல்லையென்று ஆக்க முடியாத செயலைச் செய்கிறார்? அந்தச் செயல் கிடைத்துவிட்டால், அதற்கு முன்னால் அவரை அங்கே தள்ளியது எது, பின்னால் அதற்கு அவர் கொடுக்கும் விலை என்ன என்று இரண்டு பக்கமும் கதை தானாக வளரும். கிடைக்காதவரை எத்தனை சம்பவங்களை அடுக்கினாலும் அவை அடுக்கியபடியே கிடக்கும்.

செயல் என்றதும் கொலை, ஓடிப்போவது, தீ வைப்பது என்று பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வது போதும். சொல்லாமல் விடுவதும் போதும். நம் மொழியிலேயே இதற்கு அருமையான சான்று இருக்கிறது.

ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை நாளில் பேருந்துக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண், அவளைக் காரில் ஏற்றிக்கொள்ளும் பணக்கார இளைஞன், காருக்குள் நேர்வது. வீடு திரும்பியவள் தாயிடம் சொல்லிவிடுகிறாள். தாய் பதறினாலும் விஷயத்தை வெளியே விடவில்லை. மகளை உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை அதற்குமேல் பெரிதாக நீள்வதில்லை. அது வந்தபோது எழுந்த சர்ச்சை தமிழ்ச் சிறுகதை வாசகர்கள் எல்லோரும் அறிந்தது.

பிறகு ஜெயகாந்தன் அதே சம்பவத்தை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு இடத்தை மாற்றினார். இந்த முறை தாய் அலறிவிடுகிறாள். அண்ணனுக்குத் தெரிகிறது, அக்கம்பக்கத்துக்கும் தெரிகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா ஒருவர் ஆதரவு கொடுத்துப் படிக்க வைக்கிறார், அந்த ஆதரவுக்குள் வேறொரு எண்ணமும் இருக்கிறது. கங்கா என்ற அந்தப் பெண் படித்து வேலைக்குப் போகிறாள். வருடங்கள் கழித்து, ஒரு தாய் தன் மகள் தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொண்ட கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். அந்தக் கார்க்காரனைத் தேடிப் புறப்படுகிறாள். ‘காலங்கள் மாறும்’ என்று தினமணி கதிரில் தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலாகி, 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது அந்த நாவல்.

எழுதக் கற்பவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் வற்புறுத்தல். காருக்குள் நடந்தது இரண்டிலும் ஒன்றுதான். அது எவ்வளவு கொடியதாக இருந்தாலும் கதைப்பின்னல் அதிலிருந்து தொடங்கவில்லை. அதைக் கேட்ட தாய் அடுத்த நிமிடம் என்ன செய்தாள் என்பதிலிருந்து தொடங்குகிறது. ஒரு தாய் விளைவுகளையெல்லாம் வீட்டு வாசலிலேயே தடுத்து நிறுத்திவிட்டாள், அதனால் அது சிறுகதையாக நின்றது. இன்னொரு தாயின் குரல் சுவர் தாண்டிப் போய்விட்டது. போன குரலைத் திரும்ப அழைக்க முடியாது என்பதால் ஒரு நாவல் முழுக்க அதன் விளைவுகள்.

உங்கள் கையெழுத்துப் பிரதியிலும் முதலில் இதைத் தேடுங்கள். விபத்து, வேலை போனது, காதலி பிரிந்தது, வெள்ளம் வந்தது என்று பாத்திரத்துக்கு நேர்ந்தவற்றைத்தான் பெரும்பாலும் எழுதி வைத்திருப்பீர்கள். அவற்றை அடிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதற்கு யார் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் ‘அழுதான்’, ‘வருந்தினான்’, ‘யோசித்தான்’ என்றே வந்துகொண்டிருந்தால் அந்த மூன்றாம் பக்கத்து ஜன்னலோரம் எப்படி வந்தது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு செயலுக்குப் பல கைகள்

செயலைக் கண்டுபிடித்த பிறகு அடுத்த சிக்கல், அதை வாசகர் நம்ப வேண்டும். இதற்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

கோவலன் மதுரை வீதியில் சிலம்பை விற்க எடுத்துப் போகிறான். எதிரே வருபவன் அரண்மனைப் பொற்கொல்லன், அரசியின் சிலம்பைத் திருடி மறைத்திருப்பவன். இப்படி மட்டும் சொன்னால் அது தற்செயல். இத்தனை பெரிய நகரத்தில் அவன் கண்ணில்தானா பட வேண்டும் என்று வாசகர் கேட்பார். இளங்கோ அந்தத் தற்செயலைச் சுற்றி எத்தனை காரணங்களை நிறுத்தியிருக்கிறார் என்று பாருங்கள். பொற்கொல்லனுக்குத் தன் திருட்டு வெளிப்படுமுன் பழி சுமக்க ஒருவன் வேண்டும், அதனால் கோவலனை ஓரிடத்தில் காத்திருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்கு விரைகிறான். அரசன் அப்போது தீர விசாரிக்கும் நிலையில் இல்லை. ஆடல் மகளிரை அவன் ரசித்ததில் ஊடல் கொண்ட கோப்பெருந்தேவி தலைவலி என்று சொல்லி எழுந்து போயிருக்கிறாள், அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் போய்க்கொண்டிருக்கிறான். அந்த அவசரத்தில் ஆணை பிறக்கிறது. காவலர்களோ தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை விரித்துப் பேசி அவர்களைக் கலைக்கிறான். கடைசியில் வாளை ஓங்குபவன் அறிவும் நிதானமும் இல்லாத ஒரு குடிகாரன்.

திருடியவனின் பயம், கணவன் மனைவி ஊடல், அரசனின் அவசரம், காவலரின் தயக்கம், குடிகாரனின் வெறி என்று ஐந்து பேரும் அவரவர் காரியத்தைப் பார்க்கிறார்கள். கோவலனைக் கொல்ல வேண்டும் என்ற விரோதம் அவர்களில் எவருக்கும் இல்லை. இவர்களில் ஒருவர் வேறு மாதிரி நடந்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான் என்று நமக்குப் படுகிறது. அப்படிப் படுவதால்தான் அந்தக் கொலை தாங்க முடியாததாகிறது.

வில்லன் ஒருவன் உட்கார்ந்து திட்டம் தீட்டி எல்லாவற்றையும் நடத்தும் கதைகள் சீக்கிரம் சலித்துப்போவதற்குக் காரணம் இதற்கு நேர்மாறானது. அங்கே ஒருவனுக்கு மட்டும்தான் ஆசை இருக்கிறது, மற்றவர்கள் அவன் வசதிக்கு வந்து போகிறார்கள். உங்கள் கதையில் வரும் சின்னப் பாத்திரத்தைக்கூட, அன்று காலை எழுந்தபோது அதற்கு என்ன வேண்டியிருந்தது என்று கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள்.

ஒரு கதையை வளர்த்துப் பார்ப்போம்

இனி ஒரு கருவை வெறும் கையோடு எடுத்துக்கொண்டு பின்னிப் பார்க்கலாம். மதுரை செல்லூரில் ஒரு தெரு. செண்பகம் என்ற நடுவயதுப் பெண் அங்கே ஏலச்சீட்டு நடத்துகிறார். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. இது இன்னும் கதை ஆகவில்லை, ஒரு ஆளும் ஒரு தொழிலும்தான். ஆனால் தொழிலை யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். சீட்டு நடத்துபவர் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். யார் வீட்டில் பணமுடை, எந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், எவர் குடிக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கல்கி ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவனிடம் ஓலைகளைக் கொடுத்து அனுப்பியதும் இந்தக் காரணத்துக்காகத்தான். ஓலை கொண்டுபோகிறவன் இளவரசியையும் பார்க்கலாம், சக்கரவர்த்தியையும் பார்க்கலாம், வழியில் கடம்பூர் மாளிகையில் தங்கிச் சதியையும் ஒட்டுக்கேட்கலாம். கதவுகளைத் திறக்கும் வேலையைப் பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

செண்பகத்துக்கு என்ன வேண்டும்? பணம் என்று எழுதாதீர்கள், அது எல்லோருக்கும் வேண்டும். கணவர் இறந்த பிறகு இந்தத் தெருவில் அவருக்குக் கிடைத்திருக்கும் ஒரே மரியாதை ‘செண்பகக்கா கையில குடுத்தா பேங்க்ல போட்ட மாதிரி’ என்ற பேச்சு. அந்தப் பேச்சு நிலைக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

இப்போது நெருக்கடி. ஒரே குடும்பம் நான்கு சீட்டுப் போட்டிருந்தது. நான்கையும் முதல் ஆறு மாதத்துக்குள் தள்ளி எடுத்துக்கொண்டு இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்துவிட்டது. இனி மாதம் 20,000 ரூபாய் துண்டு விழும். இன்னும் 14 மாதம் பாக்கி, மொத்தம் 2,80,000 ரூபாய்.

இங்கே ஒரு வேலை இருக்கிறது, அதை அவசரத்தில் தாண்டிவிடக் கூடாது. தப்பிக்கும் வழிகளை அடைக்க வேண்டும். போலீசுக்குப் போகலாமே என்று வாசகர் கேட்பார். 1982-ஆம் ஆண்டுச் சிட்ஃபண்ட் சட்டப்படி இப்படிப்பட்ட சீட்டைப் பதிவு செய்திருக்க வேண்டும், செண்பகம் பதிவு செய்யவில்லை. புகார் கொடுத்தால் முதலில் மாட்டுவது அவர்தான். உறுப்பினர்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாமே? சொன்னால் அந்த நிமிடமே அந்தப் பேச்சு போய்விடும். மகனிடம் கேட்கலாமே? ‘இந்தத் தொழில் வேண்டாம்மா’ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பேச்சையே குறைத்துக்கொண்டவன் அவன். சட்டம் ஒரு கதவை அடைத்தது, ஆசை ஒன்றை, பழைய மனஸ்தாபம் ஒன்றை. மூன்றும் வெவ்வேறு வகையாக இருப்பது முக்கியம்.

முதல் மாதம் கையிருப்பிலிருந்து போட்டுச் சமாளிக்கிறார். அடுத்த மாதம் தன் தோட்டை விற்கிறார். மூன்றாம் மாதம் விற்க ஒன்றும் இல்லை. அந்த வாரத்தில் எதிர்வீட்டு ராஜாத்தி ஆபரேஷனுக்காகப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படுகிறாள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, ஐந்து பவுன் சங்கிலியைக் கைக்குட்டையில் சுருட்டி எடுத்து வருகிறாள்.

‘அக்கா, இதக் கொஞ்சம் பத்திரமா வச்சிருங்க. திரும்பி வந்து வாங்கிக்கிறேன்.’

‘வீட்ல வச்சிட்டுப் போகலாம்ல?’

‘இல்லக்கா. ஒங்ககிட்டயே இருக்கட்டும்.’

செண்பகம் அதை அடகுக் கடைக்கு எடுத்துப் போகிறார். மூன்று மாதத்தில் மீட்டுவிடலாம் என்று சொல்லிக்கொள்கிறார். ரசீதில் கையெழுத்துப் போடுகிறார். நமக்கு வேண்டிய செயல் கிடைத்துவிட்டது. நகையை மீட்கலாம்தான். ஆனால் பேங்க்கில் போட்ட மாதிரி என்று பெயர் வாங்கியவர் தன்னிடம் கொடுத்த பொருளில் கை வைத்தார் என்பதை எந்த வட்டி கட்டியும் மீட்க முடியாது.

அடுத்து என்ன? வகுப்புகளில் இந்தக் கட்டத்தில் நிறுத்திக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், ராஜாத்தி ஆபரேஷனில் இறந்துவிடுகிறாள் என்பது. நான் அதை ஏற்க மாட்டேன். அவள் இறந்தால் சங்கிலியைக் கேட்க ஆள் இல்லை, செண்பகம் தப்பித்துவிடுகிறார். தற்செயல் பாத்திரத்தைச் சிக்கலில் தள்ளலாம். கோவலன் பொற்கொல்லனைச் சந்தித்தது அப்படித்தான். சிக்கலிலிருந்து தூக்கிவிடும் தற்செயலை வாசகர் மன்னிப்பதில்லை. இன்னொரு பதில், ராஜாத்தி வந்ததும் சங்கிலியைக் கேட்கிறாள், செண்பகம் மாட்டிக்கொள்கிறார் என்பது. இது தவறில்லை, ஆனால் வாசகர் இந்த இடத்துக்கு நமக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்.

ராஜாத்தி திரும்பி வருகிறாள், சங்கிலியைக் கேட்கவே இல்லை என்று வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் போகிறது. செண்பகம் ரசமும் பருப்புத் துவையலும் செய்து எடுத்துப் போகிறார். ராஜாத்தி சாப்பிடுகிறாள், தையல் பிரித்ததைப் பற்றிப் பேசுகிறாள், சங்கிலி பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெரிந்துவிட்டதா? மறந்துவிட்டாளா? சோதிக்கிறாளா? யாரும் குரலை உயர்த்தவில்லை, கதை கொதிக்கத் தொடங்கிவிட்டது.

அவள் ஏன் கேட்கவில்லை என்பதற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். சின்னப் பாத்திரத்துக்கும் ஆசை வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். அவள் கணவன் அந்தச் சங்கிலியை விற்றுவிடத் துடிக்கிறான். அவள் அதைப் பத்திரத்துக்குக் கொடுக்கவில்லை, அவனிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறாள். அவனிடம், ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். முன்னால் அவள் சொன்ன ‘ஒங்ககிட்டயே இருக்கட்டும்’ என்பதற்கு இப்போது வேறு பொருள் வருகிறது. இப்படி முன்பக்கத்துக்குத் திரும்பிப் போய் ஒரு வரியைச் சேர்ப்பதும் திருத்துவதும் கதைப்பின்னலில் சரிபாதி வேலை. யாரும் நேர்கோட்டில் பின்னுவதில்லை.

இனி நடப்பதைப் பாருங்கள். கணவன் நம்பவில்லை. நகையைப் பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாய் என்று ராஜாத்தியை அடிக்கிறான். தெருவே வேடிக்கை பார்க்கிறது. அடிபட்டும் அவள் செண்பகத்தின் பெயரைச் சொல்லவில்லை, சங்கிலி பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில். இல்லாத சங்கிலியைக் காப்பாற்ற ஒருத்தி அடி வாங்குகிறாள். அது இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் எதிர்வீட்டு வாசலில் நிற்கிறார்.

அங்கே செண்பகம் இரண்டாவது செயலைச் செய்தாக வேண்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலும் அது செயல்தான்.

சிறுகதையாக எழுதுவதென்றால் நான் இந்த வாசலில் முடிப்பேன். தொடக்கத்தையும் பின்னால் தள்ளி, ராஜாத்தி கைக்குட்டையோடு வரும் காட்சியில் ஆரம்பிப்பேன். சீட்டு, ஓடிப்போன குடும்பம், தோடு விற்றது எல்லாம் நான்கைந்து வரியில் உள்ளே வந்துவிடும். நாவல் என்றால் அந்த வாசல் முதல் பாகத்தின் முடிவு. செண்பகம் ராஜாத்தியை மறுபடி எப்படி முகம் பார்க்கிறார், அடகு ரசீது யார் கையில் கிடைக்கிறது, மகன் வந்து நிற்கும்போது அவனுக்கு என்ன தெரியும், மீதி 16 சீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று விரிந்துகொண்டே போகும்.

முடிவைப் பற்றி

முடிவுக்கென்று தனியாக ஓர் அதிர்ச்சியைத் தேடிக்கொண்டு வர வேண்டாம். கதையின் உள்ளேயே அது இருக்கும். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தில் அகலிகை மறுபடி கல்லாகிறாள். அதைச் செய்ய ஒரு மந்திரமும் தேவைப்படவில்லை. இலங்கையில் தீக்குளிக்கச் சொன்னது ராமன்தான் என்று சீதை வாயிலாகத் தெரிந்தது போதும். தன்னை எழுப்பிய நியாயத்தின் மேல் அவள் வைத்திருந்த நம்பிக்கை அங்கே முறிகிறது. கதை முழுக்க அந்த நம்பிக்கையைத்தான் அவள் கைப்பிடியாக வைத்திருக்கிறாள், அதனால் முடிவு வெளியிலிருந்து வரவில்லை. புராணம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போன இடத்திலிருந்து புதுமைப்பித்தன் தொடங்கினார் என்பதையும் கவனியுங்கள். புதுக் கரு கிடைக்காமல் தவிப்பவர்கள், தெரிந்த கதை ஒன்றின் முடிவுக்கு மறுநாள் காலையிலிருந்து எழுதிப் பார்க்கலாம்.

இந்த முறைக்கு அடங்காத நல்ல கதைகளும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அதே புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’ கதையில் ஏழை எழுத்தாளர் ஒருவரின் ஒரு நாள் கழிகிறது, அவ்வளவுதான். இல்லையென்று ஆக்க முடியாத செயல் எதையும் அதில் காட்ட முடியாது. எதையும் செய்ய முடியாத அளவுக்கு வறுமை அவரைக் கட்டிப்போட்டிருப்பதே அங்கே கதை. அப்படி எழுத ஒவ்வொரு வரியிலும் கண்ணும் காதும் விழித்திருக்க வேண்டும். செயலில்லாத கதையை எழுத ஆசைப்படுபவர்கள், முதலில் செயலுள்ள நாலைந்து கதைகளை முடித்துவிட்டு அந்தப் பக்கம் போவது நல்லது.

எழுதி முடித்த கதைப்பின்னலைச் சோதிக்க ஒரு வழி. காட்சிகளை ஒவ்வொரு வரியாக ஒரு தாளில் எழுதுங்கள். நடுவில் ஏதாவது ஒரு வரியைக் கையால் மூடிக்கொண்டு, அடுத்தது நடக்குமா என்று பாருங்கள். நடக்கும் என்றால் மூடிய காட்சி கதைக்கு வேண்டாதது, அல்லது அதில் யாரும் எதையும் செய்யவில்லை. தோடு விற்ற காட்சியை மூடினால் செண்பகம் சங்கிலியில் கை வைக்க இத்தனை நெருக்கம் வராது, அதனால் அது இருக்கட்டும். அவர் கோயிலுக்குப் போய் அழுகிற காட்சி ஒன்றை எழுதியிருந்தீர்கள் என்றால், அதை மூடிப் பாருங்கள்.

இந்த வாரப் பயிற்சிக்குச் செண்பகத்தையே எடுத்துக்கொள்ளலாம். வாசலில் நிற்கிறார், எதிர்வீட்டில் அடி விழுகிறது. அடுத்த பத்து நிமிடத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அதே பத்து நிமிடத்தை ராஜாத்தி இருக்கும் இடத்திலிருந்து இன்னொரு பக்கம் எழுதுங்கள். அவளுக்குச் சங்கிலி போன விஷயம் தெரியாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.